கராச்சிக்கு உடுத்துப் போனது

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பாரிசில், லா ஷப்பல் பகுதியில் ஐந்தாம் மாடி ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் மெத்ரோ ரயில் வீட்டுக்குள் வருவதுபோல இரைந்துகொண்டு போகும். பாரிசுக்கு வருவதற்கென்று ஊரிலிருந்து புறப்பட்ட என் தம்பி அப்போது கராச்சியில் மாட்டிக்கொண்டு கிடந்தான். இன்றைக்கு, நாளைக்கு என்று ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் நான்கு மாதம் இழுத்தடித்தான். அதற்குள் தம்பிக்குச் செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, வந்துவிட்டது. அவனோடு ஒரே அறையில் இருந்தவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், சாப்பிடுகிறானில்லை, யாராவது வந்தால் நல்லது என்றார்.

போகக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். என் கணவருக்கு அகதி அட்டை இன்னும் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தும் ஒரு தாளை வைத்துக்கொண்டு அவரால் பிரான்சைவிட்டு வெளியே போக முடியாது. எனக்கு அட்டையும் பயணப் பத்திரமும் கிடைத்திருந்தன.

இதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் ஊரில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். தம்பிக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவைத் தனியே விடக்கூடாது என்று திரும்பிப் போய்விடுவான், போனால் கொழும்பில் இறங்கியவுடனேயே பிடித்துவிடுவார்கள் என்று அம்மா பயந்தா. அவன் பிரான்சில் கால் வைத்த பிறகு சொல்லுங்கோ என்று கடிதத்தில் இரண்டு தரம் எழுதியிருந்தா. ஆகவே எனக்கு அங்கே இரண்டு வேலை. அவனைத் தேற்றி எழுப்ப வேண்டும், அப்பாவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. அந்தப் பயத்தோடுதான் பயணத்துக்கு ஆயத்தமானேன்.

ஆனால் பேச்சைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட உடுப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன். பாரிசுக்கு வெளியே சார்செலில் ஓர் அண்ணை இருந்தார். பிரான்சுக்கு வரமுன் சவூதியில் பல வருடம் வேலை செய்தவர். முஸ்லிம் நாட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் விசாரிப்போம். சேலை கூடாது, இடுப்புத் தெரியும் என்றார். பொட்டு வேண்டாம், தாலிக்கொடி வெளியே தெரியக்கூடாது, குங்குமச் சிமிழைக்கூடப் பையில் வைக்காதே, விமான நிலையத்தில் கொட்டிக் கவிழ்த்துவிடுவார்கள் என்றார். அந்த மனுசன் கராச்சியைக் கண்ணாலும் கண்டதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காலையில் என்னோடு கம்பனிக் கந்தோர் துடைக்கும் வேலைக்கு வருகிறவள் ஒரு பாகிஸ்தான்காரி. அவளுக்கும் எனக்கும் இடையில் உடைந்த பிரெஞ்சுதான் மொழி. அவளிடமும் கேட்டேன். கை மணிக்கட்டுவரை மூடியிருக்கட்டும், தொளதொளவென்று போடு, தலையில் முக்காடு இருக்கட்டும், அவ்வளவுதான் என்றாள். நெற்றியைத் தொட்டுக் காட்டி, இது என்று கேட்டேன். கராச்சியில் இந்துக்களும் இருக்கிறார்கள், நீ தம்பியைப் போய்ப் பார் என்றாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் சொன்னதை விட்டுவிட்டு, சார்செல் அண்ணை சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். நம்முடைய ஆள் சொன்னால்தானே நமக்குப் பொருந்தும் என்று ஒரு திமிர்.

மறுநாள் அவள் ஒரு சல்வார் உடுப்பைக் கொண்டுவந்து தந்தாள். பெருநாளுக்கென்று தைத்து, உடுக்காமல் வைத்திருந்தது. தூய வெள்ளை, கழுத்துவரை மூடியது, அதே வெள்ளையில் முக்காடு. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், இதைவிட அடக்கமான உடுப்பு ஏது என்று சந்தோஷப்பட்டேன். புறப்படும் அன்று கைகழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்துப் பொட்டை அழித்தேன். கொடியை உள்ளே தள்ளினேன். சிமிழைத் தட்டிலேயே வைத்தேன். திரும்பிப் பார்த்தால் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவோ ஒரு மாதிரிக் கிடக்கப்பா," என்றார்.

நான் என்ன கலியாண வீட்டுக்கா போகிறேன் என்று அவர்மீது பாய்ந்தேன்.

கராச்சியில் என்னை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பையைத் திறக்கவும் இல்லை. முத்திரை குத்தியவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பத்திரத்தை நீட்டினார். சார்செல் அண்ணைக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நீண்ட வார்டு. கடைசிக் கட்டிலில் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினான். கண் இரண்டும் மஞ்சள். என்னைக் கண்டதும் அந்த முகம் மலரும் என்று ஆயிரக்கணக்கான மைல் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். மலரவில்லை. என் நெற்றியைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், வெள்ளையைப் பார்த்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அத்தானுக்கு எப்ப நடந்தது?"

எனக்குத் தலையில் அடித்ததுபோல இருந்தது. கராச்சி என்ன சொல்லும் என்று பார்த்துப் பார்த்து உடுத்தவள், அதைப் பார்க்கப்போகிறவன் என் தம்பி என்பதை மறந்துபோனேன். எங்கள் கண்ணுக்கு அந்தக் கோலத்துக்கு ஒரே அர்த்தம்தானே. அவர் கல்லுமாதிரி இருக்கிறார், இந்த ஊருக்காக அழித்த பொட்டு இது என்று சொல்லிக் கொடியை வெளியே இழுத்துக் காட்டினேன். சிரித்தும் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அவன் நீண்ட மூச்சு விட்டான். கண்ணை மட்டும் என் நெற்றியிலிருந்து எடுக்கவில்லை.

"அம்மாவும் இப்ப இப்பிடித்தானே இருக்கிறா," என்றான்.

அவனே சொன்னான். ஒரு மாதத்துக்கு முன்னர் எங்கள் பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், தெரிந்திருக்கும் என்று நினைத்துத் துக்கம் விசாரித்தாராம். அதன் பிறகு நான் மூன்று தரம் தொலைபேசியில் பேசியிருக்கிறேன். மூன்று தரமும் அப்பா சுகமாக இருக்கிறார் என்று சொன்னேன். மூன்று தரமும் அவன் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியுமெண்டு காட்டினால் நீங்கள் அந்தரப்படுவியள் எண்டு விட்டிட்டன். பயப்பிடாதேங்கோ, நான் திரும்பிப் போகேல்லை. அப்பாதானே என்னை அனுப்பினவர்."

பிறகு தலையணைக்குக் கீழே கையை விட்டு, நாலாக மடித்த ஒரு தாள் பொட்டலத்தை எடுத்தான். ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று அம்மா அவன் மடியில் வைத்துவிட்ட கோயில் குங்குமம். இதே விமான நிலையத்தால் வந்து, இதே ஊரில் நான்கு மாதம், ஒருவரும் கேட்காமல் அவனிடம் இருந்திருக்கிறது. நானோ எனது சிமிழைப் பாரிசில் விட்டுவிட்டு வந்தவள். வெட்கமாக இருந்தது.

"வையுங்கோ அக்கா. உங்களையும் இப்பிடிப் பார்க்கேலாது."

கண்ணாடி இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் இங்காலை என்று அவன்தான் இடம் சொன்னான். வைத்து முடிக்கையில் முக்காடு சரிந்து தோளில் விழுந்தது. தரை துடைத்துக்கொண்டு நின்ற வயதான பெண் ஒருத்தி கிட்ட வந்தாள். என் நெற்றியை ஒருதரம் பார்த்தாள். நான் நெற்றியைக் கையால் மறைக்கப் போனேன். அவள் முக்காட்டை எடுத்து என் தலையில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, துடைப்பதற்குத் திரும்பிப் போனாள்.

அப்பா இறந்து அறுபது நாளுக்குமேல் ஆகியிருந்தது. நான் பாரிசில் தம்பிக்குத் தெரிந்துவிடுமோ என்று அழுகையை அடக்கியிருந்தேன். அவன் கராச்சியில் எனக்குத் தெரிந்துவிடுமோ என்று அடக்கியிருந்தான். அந்தக் கட்டிலில் இருந்துதான் இரண்டு பேரும் அப்பாவுக்காக முதன்முதலாக அழுதோம்.