கைக்குத் தெரியாத மண்

போன சனிக்கிழமை மார்க்கம் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பொடியன், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெற்றல் டிடெக்டரைப் புல்லின் மேல் வீசி வீசி நடந்துகொண்டிருந்தான். தரைக்குள் உலோகம் கிடந்தால் கூவிச் சொல்லும் கருவி அது. என் மனைவி வதனி நின்று பார்த்தாள். “உவர் தேடேல்லை, புல்லு வெட்டுறார்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தாள்.

எனக்குத்தான் கால் நகரவில்லை. மழை விட்ட நேரம். ரொறன்ரோவின் ஈர மண்ணுக்கு ஒரு மணம் உண்டு. நனைந்த மட்டைப்பெட்டியும் பழைய இரும்பும் கலந்தது போல இருக்கும். ஊரில் போர் முடிந்த அந்தக் கோடை முழுவதும் எங்கள் உடுப்பில் அந்த மணம்தான்.

அப்போது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ரில் இருந்தோம். யன்னலால் பார்த்தால் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். எனக்கு வேலை பிறம்ரனில், ஒரு களஞ்சியத்தில். போய்வரும் நேரத்துக்குள் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடலாம். யூனியன்வில்லில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலுக்குக் கதிரை வாங்கப் போன நான், கதிரையை விட்டுவிட்டு மெற்றல் டிடெக்டரோடு வந்து சேர்ந்தேன். பழைய வெள்ளிக் காசுகளெல்லாம் பூங்காவில் எனக்காகக் காத்துக்கிடக்கின்றன என்று அவ்வளவு நம்பிக்கை.

வதனி அதைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டாள். கல்யாணமாகிக் கனடாவுக்கு வருமுன் வன்னியில் அவள் பார்த்த வேலை, மிதிவெடி அகற்றுவது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கராஜ் சேலில் நிற்கும்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

“உதை வெளியிலை வையுங்கோ,” என்றாள். வைத்தேன்.

அவளுடைய அம்மாவும் தம்பியும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். பங்குனிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. போரை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு சனமாக நாங்களும் நகரத்துத் தெருக்களில் பதாகை பிடித்து நின்றோம். பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். வதனி டிவியை நிறுத்திவிட்டுப் படுத்தவள், எழும்பவேயில்லை. நான் வைத்த சோறு அப்படியே காய்ந்தது.

ஒருநாள் காலை எழும்பி முகம் கழுவினாள். தலையை இறுக்கிக் கட்டினாள். “அந்த மிசினை எடுங்கோ, பார்க்குக்குப் போவம்.”

“ஏன் வதனி?”

“உப்பிடியே கிடந்தா எனக்கு விசர் பிடிக்கும்.”

பூங்காவில் முதலில் நான்தான் வித்தை காட்டினேன். கருவி கூவிய இடத்தில் வாழை நடுகிறவன் போலக் குழி தோண்டி, கோலா ரின்னின் வளையம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் கருவியை என் கையிலிருந்து வாங்கினாள். “தள்ளி நில்லுங்கோ.”

விழுந்து கிடந்த தடிகளைப் பொறுக்கி, இரண்டு பக்கமும் வரிசையாகக் குத்தி ஒரு பாதை செய்தாள். அதற்குள் கருவியை மெல்ல, மிக மெல்ல ஆட்டினாள். அது கூவியதும் முழங்காலிட்டு, சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் கரண்டியால் மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள். நெற்றி வேர்த்திருந்தது.

“வதனி, இஞ்சை ஒண்டும் வெடிக்காது.”

“தெரியும். கைக்குத் தெரியேல்லை.”

மண் விலகியது. உள்ளே ஒரு செப்புக் காசு, பழைய ஒரு சதம், ஒரு ராசாவின் தலையோடு. அவள் அதைத் தொடவில்லை.

“எடுக்கலாமோ?” என்று என்னைக் கேட்டாள்.

“எடும்.”

எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “அங்கை கண்டுபிடிச்சா எழும்பிப் பின்னாலை போயிடோணும். ஒண்டையும் கையிலை தூக்கினதில்லை,” என்றாள். அதன் பிறகுதான் அழுதாள், வாய்விட்டு. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர், சுற்றிக்கொண்டு போனார். அழுது முடிந்ததும் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, “இன்னும் கிடக்கு, வாங்கோ,” என்றாள்.

பிறகு லீவு நாளெல்லாம் எங்களுக்குப் பூங்காதான். பூட்டுத் திறப்புகள், விளையாட்டுக் கார்கள், காசுகள் வந்தன. ஒருமுறை மேப்பிள் இலை பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்று கிடைத்தது. ஏதோ பழைய போருக்குப் போன பட்டாளத்தானின் சட்டையிலிருந்து விழுந்தது. வதனி அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். “இது இஞ்சை கிடக்கெண்டால், உவன் உயிரோடை திரும்பி வந்தவன்,” என்றாள். அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனியில் ஒரு காலை, பூங்காவில் வைத்தே போன் அடித்தது. அகதி முகாமிலிருந்து அம்மா, யாரிடமோ இரந்து வாங்கிய போனில். “பிள்ளை, நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம். தம்பிக்குக் காலிலை காயம், ஆறிக்கொண்டு வருது.” வதனி போனை இரண்டு கையாலும் பிடித்தாள். அம்மாவே கேட்டார், “நீ என்ன செய்யிறாய்?”

“மண் கிண்டுறன் அம்மா.”

“அங்கையும் மிதிவெடியோ, பிள்ளை?”

அவள் சிரித்த சிரிப்பில் மேப்பிள் மரத்துக் குருவிகள் எழும்பிப் பறந்தன என்று எழுத ஆசைதான். குருவிகள் அசையவில்லை. நான்தான் புல்லில் குந்திவிட்டேன்.

நாங்கள் மண் கிண்டிய அந்தப் பூங்காவில் இப்போது செயற்கைப் புல் போட்டுப் பந்தடிக்கிறார்கள். ஊருக்குக் கதைக்க நாங்கள் வாங்கிய, கடைகளில் தோரணம் போலத் தொங்கிய ரெலிபோன் காட்டுகள் இல்லை. ஒரு சதக் காசையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. இன்னொன்றும் போய்விட்டது. முன்பெல்லாம் புல்வெளியைக் கடக்கும்போது, வதனி என் கால் பட்ட இடத்திலேயே தன் காலை வைத்து வருவாள். அதைக் காதல் என்று நினைத்து நான் பெருமைப்பட்டதுண்டு. அது எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது. இப்போது அவள்தான் முன்னே போகிறாள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, புல்லைக் குறுக்கறுத்துக்கொண்டு.