பின்சுவரோரம் கிடைத்த குட்டிப் புனிதர்

அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி வரிசையில நிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் குமட்டுது. பாவம்னு தோணணும். தோணமாட்டேங்குது, என்ன பண்ண?

எங்க அக்கா எங்க ஊர் சர்ச் கோயிலுக்குத் துணி வெளுக்கிறவ. பீடத்து விரிப்பு, சாமியார் அங்கி, திரைச்சீலை எல்லாம் அவ கைதான். பூ வேலை செஞ்ச துணின்னா திருப்பிப் போட்டுத்தான் இஸ்திரி போடுவா, இல்லேன்னா பூ நசுங்கிடும். அத்தான் பஸ் ஓட்டினார். அவர் சம்பளமே போதும்தான். ஆனாலும் இந்த வேலைதான் வேணும்னு அக்கா ஒத்தைக்கால்ல நின்னா. ஏன்னு எனக்கும் அத்தானுக்கும் மட்டும் தெரியும். துணி காயப்போடுற கொடி கோயில் பின்சுவரை ஒட்டி இருந்துச்சு. அந்தச் சுவரோரம்தான் அவ பிள்ளை கிடந்தான்.

தலைச்சன் பிள்ளை. ஞானஸ்நானம் குடுங்கன்னு கேட்டப்ப, சாமியார் வெளியூர்ல இருக்கார், வந்ததும் பார்க்கலாம்னாங்க. அதுக்குள்ள காய்ச்சல் வந்து பிள்ளை போயிட்டான். அவசரத்துக்கு யார் வேணாலும் தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாமாம். அதை அடக்கத்தன்னைக்கு வந்து சொல்றாங்க, மகராசனுங்க! கல்லறைத் தோட்டத்து வாசல்ல, சாமியாருக்கு ஒத்தாசையா இருக்கிற உபதேசியார் கேட்டை மறிச்சு நின்னார். "ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு உள்ள இடமில்லம்மா, சட்டம் அப்படி." அக்கா அந்த ஆள் காலைப் பிடிச்சா. கேட் திறக்கவே இல்ல.

அத்தான்தான் பின்சுவரோரம் முள்ளுக்காட்டுல குழி வெட்டினார். பிள்ளைக்கு அக்கா தைச்ச சட்டையில ஒரே ஒரு பொத்தான். அத்தானோட யூனிஃபார்ம்ல இருந்து பிச்சுத் தைச்ச பித்தளைப் பொத்தான் அது.

அதுக்கப்புறம் வேற பிள்ளை இல்ல. தலை நரைச்சு, அத்தானும் போய்ச் சேர்ந்தார். அவரை மட்டும் மணியடிச்சு, பாட்டுப் பாடி உள்ள அடக்கம் பண்ணினாங்க.

அப்புறம்தான் இந்தச் சண்டை வந்துச்சு. எங்க கோயில்ல ஒரு பழைய கதை. விசுவாசத்துக்காக வெட்டுப்பட்ட புனிதர் ஒருத்தர், கையில ஒரு அநாதைக் குழந்தையோட, இங்கதான் செத்தாராம். அவர் கல்லறை எங்ககிட்ட இருக்குன்னு பக்கத்து ஊர்க்காரன் பலகை வச்சுட்டான். இங்க உள்ளவங்களுக்குப் பொறுக்குமா? தோண்டிப் பார்த்து நிரூபிச்சிடலாம்னு பின்சுவரோரம் கடப்பாரையைப் போட்டாங்க.

நான் ஓடிப்போய்ப் பார்க்கிறப்ப அக்கா துணிக்கூடை மேலயே உட்கார்ந்துட்டா. குச்சி மாதிரி ரெண்டு எலும்பு. பக்கத்துல பச்சை பூத்த பொத்தான்.

"குட்டிப் புனிதர்!"னு எவனோ கத்தினான். அவ்வளவுதான், ஊரே முழங்கால்ல. முதல்ல முழங்கால் போட்டது யாருங்கிறீங்க? அந்த உபதேசியார்தான். தூ! குழியில இறக்கக்கூட லாயக்கில்லாத பிள்ளை, இப்ப கண்ணாடிப் பெட்டியில வச்சுக் கும்பிடுற சாமி.

அக்கா சாமியார்கிட்ட போனா. இவர் புதுசா வந்தவர். "சாமி, அது என் பிள்ளை. குடுத்துடுங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. எத்தனை பேரோட விசுவாசம் இதுல இருக்கு. வெளிய எங்கயும் பேசிடாதீங்க."

இது மூக்குல வேர்த்த மாதிரி தெரிஞ்சு, மறுநாளே சரித்திர வாத்தியார் வீட்டுக்கு வந்தார். எல்லாக் கோயிலும் கட்டுக்கதைன்னு எழுதுற ஆளு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். "அக்கிரமம்மா இது! நீங்க கூட்டத்துல மைக்ல வந்து சொல்லுங்க, அவங்க கூடாரமே காலி."

"சொன்னா பிள்ளையைத் தருவீங்களா?"

"அது ஆதாரமாச்சே. தூள் பண்ணி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும்."

"வெளிய போடா"ன்னு நான்தான் சொன்னேன்.

மண்டபத்துல விவாதம் நடந்துச்சு. ஒருத்தன் அந்தப் பொத்தானைப் பழங்காலத்து ராஜமுத்திரைங்கிறான். வாத்தியார், இல்ல, குதிரைச் சேணத்து ஆணிங்கிறார். பக்கத்து ஊர்க்காரன் எலும்பே ஆட்டெலும்புன்னுட்டான். ஆளுக்கொரு பக்கம் கைதட்டு. பெத்தவ கடைசி பெஞ்சில உட்கார்ந்து முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு இருந்தா.

அவங்க எல்லாரும் ஒண்ணை மறந்துட்டாங்க. பெட்டிக்குள்ள விரிச்ச வெள்ளைத்துணியை வாராவாரம் மாத்தணும். மாத்துறது யாரு? துணி வெளுக்கிறவதான். சாவியை அவ கையில குடுத்துட்டு உபதேசியார் வாசல்ல நிப்பார்.

ஒருநாள் எங்க வீட்ல கோழிக்குழம்பு. நான் சாப்பிட்டு ஒதுக்கின கால் எலும்பு ரெண்டை அக்கா எடுத்துக் கழுவினா. சாம்பல் போட்டுத் தேய்ச்சா, வெயில்ல காயவச்சா.

அதுதான் இன்னைக்கும் பெட்டியில இருக்கு. பொத்தானை எடுத்தா தெரிஞ்சுடும்னு அதை மட்டும் விட்டுட்டு வந்தா. நான் கடிச்சுத் துப்பின எலும்புக்கு மேல கண்ணாடியில முத்தம் குடுக்கிறாங்க, அழறாங்க, மெழுகுவர்த்தி ஏத்துறாங்க. ஆட்டெலும்பா புனிதர் எலும்பான்னு விவாதமும் ஓயல. குமட்டாம என்ன செய்யும்?

துணி மாத்தின அன்னைக்குப் பட்டப்பகல்லயே, கூடையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கூடையில மேலாப்புல இஸ்திரி போட்ட விரிப்பு. அடியில அத்தானோட பழைய யூனிஃபார்ம் சட்டை, அதுக்குள்ள பிள்ளை. அத்தான் தலைமாட்டுல ரோஜாச்செடி நடணும்னு என் கையில ஒரு செடியும் மண்வெட்டியும்.

வாசல்ல அதே உபதேசியார். இப்ப கிழவர். அக்கா நேரா நடக்கிறா.

"என்னம்மா, வீட்டுக்காரரைப் பார்க்கவா?"

"ஆமாங்கய்யா."

"கூடை கனமா இருக்கும் போலயே, பார்த்துப் போம்மா"ன்னு சொல்லி, ரெண்டு கையாலயும் கேட்டைத் தள்ளித் திறந்துவிட்டார்.