நேசமணியின் தாமிரப் பலகை

நேரில் நேசமணியை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அக்காளைக் கட்டியவன் என்பதற்காகக் கொடுக்கும் மரியாதை அது. எழுதும்போது அதற்கு அவசியமில்லை. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து இத்தனை வருடத்தில் அவன் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை விசிட்டிங் கார்டு அடித்ததுதான். அதில் ‘டைரக்டர்’ என்று போட்டிருந்தான். கம்பெனி என்பது கரமனையில் என் கார் பெயிண்டிங் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை.

அது 2004. கடைக்காரர்கள் எல்லாம் அலுமினிய ஷீட்டில் பெயர்ப்பலகை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். பின்பக்கம் கீறி நான்கு ஓரத்தையும் மடித்தால் பலகாரத் தட்டு மாதிரி நிற்கும். ட்ரே என்போம். அவற்றை வரிசையாகச் சட்டத்தில் மாட்டினால் பலகை. நேசமணி இந்த வேலையைக் கற்றுக்கொண்டான். பாதிதான் கற்றான்.

கிழக்கேகோட்டையில் காப்பித்தூள் கடை வைத்திருந்த கல்யாணராமன் அவனை நம்பி ஒரு பலகை செய்யச் சொன்னார். நன்றாக வந்தால் மற்றக் கிளைகளுக்கும் அவனே செய்யலாம் என்று பேச்சு. அன்றே நேசமணி வீட்டுக்குப் போய் என் அக்காள் ரத்னாபாயை வேலையை விடச் சொன்னான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் அவள் சமையல்காரி. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்.

“டைரக்டருக்க பெண்டாட்டி எவளுக்கோ புட்டு அவிக்கப் போவாண்டாம்” என்றான்.

“பலகை நல்லா வரட்டும். பொறவு நிறுத்துறேன்” என்றாள் அக்காள்.

அவன் கேட்கவில்லை. அவனே ஹாஸ்டல் மேடத்துக்குப் போன் போட்டு, இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டான்.

ஷீட் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்கு என்னையும் கூட்டிப் போனான். காப்பிக் கடை என்பதால் பளபளக்கும் தாமிர நிறம் எடுத்தோம். ஷீட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளில் அம்புக்குறிகள் அச்சடித்திருந்தன. கடைக்காரர் அவற்றைத் தொட்டுக் காட்டினார்.

“அண்ணா, இந்த அம்பு எல்லா ட்ரேயிலும் ஒரே பக்கம் நோக்கி இருக்கணும், கேட்டோ. திருப்பி வெட்டினா வெயில்ல கலர் வேற வேறயாத் தோணும்.”

நேசமணி சிரித்தான். “தகரத்துக்கு வடக்கு தெக்கு உண்டுமா? இனி வாஸ்தும் பாக்கணுமோ?”

மூன்று ஷீட் வேண்டிய இடத்தில் இரண்டுதான் வாங்கினான். பாதி ட்ரேக்களை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் வெட்டி ஒப்பேற்றினான். கடைக்காரர் சொன்னதை நானும் சொல்லிப் பார்த்தேன்.

“நீ காருக்குப் பெயிண்டு அடிக்கிறவன். எழுத்துக்குக் கலர் அடிச்சுத் தா, போதும்” என்றான். வெண்ணெய் நிறத்தில் அடித்துக் கொடுத்தேன்.

ரிப்பன் வெட்டுவதெல்லாம் பழைய மோஸ்தர், பலகைமேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கல்யாணராமன் கையால் உரிக்கவேண்டும் என்பது நேசமணியின் யோசனை. மகா புத்திசாலி. பலகைத் திறப்பு நாள் காலையில் கடை வாசலில் கூட்டம். பலகை முழுக்க அம்புகள் ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தன. அக்காள் கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணராமன் தொங்கிய ஓரத்தைப் பிடித்து இழுத்தார். மீதியை ஆட்கள் உரித்தார்கள். கிழக்கு வெயில் நேராக விழுந்தது. ஒரு ட்ரே பால் விட்ட காப்பி, அடுத்தது கடுங்காப்பி.

“என்ன ஓய் இது? பாதி கறுத்துக் கெடக்கே” என்றார் கல்யாணராமன்.

நேசமணி கொஞ்சமும் கூசவில்லை. “ஷீட்டெல்லாம் ஒண்ணாந்தரம் சார். இவன் கலர் அடிச்சதுல பிழை” என்று என்னைக் காட்டினான். நான் தொட்டது எழுத்துகளை மட்டும். இப்படியும் ஒரு பிறவி. பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் பஸ் ஸ்டாப்பின் ஓரத்தில் நிறுத்தினான்.

“இங்க நின்னு பாருங்க சார். ஒரே கலர்தான்.”

அந்த ஓரிடத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே ஒரே நிறம்தான்.

“கடைக்கு வர்றவாளையெல்லாம் மொதல்ல இங்க நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் உள்ள கூட்டிண்டு போகணுமா? போரும். மத்த கடைக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவர் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்காள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கழக்கூட்டம் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்.

“எங்கக்கா போற?”

“மேடத்துக்கக் கால்ல விழ. சமையலுக்கு வேற ஆளு வந்திருக்கும். பாத்திரம் தேய்க்கவாவது எடுப்பாவளான்னு கேக்கணும்.”

“வீட்டுக்குப் போய் சேலையை மாத்திட்டுப் போயேன்.”

“மத்தியானச் சோறு வைக்கதுக்கு முன்ன போனாத்தான் பேச்சு எடுபடும்” என்றாள்.

பஸ் வந்தது. பட்டுச்சேலையோடு கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறினாள். நேசமணி அதைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றிருந்த யாரோ ஒருவரைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தி, பலகையைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.