ஈரம் குடித்த மேல்தளம்

ஹெப்பகோடியில் ஒரு பைபர் ஷெட்டில் பதினெட்டு வருஷமாக கண்ணாடிநார்த் துணியில் ரெசின் பசை தடவிக்கொண்டிருந்தவள் செண்பகம். கோலார் தங்கச் சுரங்கம் மூடியதும் அப்பாவோடு இங்கே வந்தவள். தண்ணீர்த் தொட்டியும் பஸ் முகப்பும் செய்து பழகிய கைக்கு, நாள்கணக்கில் கடலில் தங்கிப் போகும் படகு ஒன்றைக் கட்டும் வேலை அந்த வருஷம்தான் முதல்முறையாக வந்தது.

படகு கேட்டவர்கள் பிரேசர் டவுன் டெஸ்மண்டும் அவர் மனைவி நோராவும். நோராவுக்குக் கைநடுக்க நோய் தொடங்கியிருந்தது. நடமாட முடிகிறபோதே மங்களூரிலிருந்து கோவா வரை கரையோரமாகப் போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை.

எப்படிக் கட்டுவது என்று காட்ட, செண்பகம் இரண்டு பலகைகள் செய்து வைத்தாள். ஒன்று முழுக்க பைபர். மற்றதில் மேலும் கீழும் மெல்லிய பைபர், நடுவே பால்சா என்ற லேசான மரம். செங்கற்களின் மேல் வைத்து டெஸ்மண்ட் ஏறி நின்றார். பாதி எடைகூட இல்லாத இரண்டாவது பலகை வளையவே இல்லை.

"அப்போ போட் முழுக்க இதையே போட்ரலாமே?"

"வேணாம் சார். முழு பைபர் கனம்தான், ஆனா தண்ணிய தாங்கும். நடுவுல மரம் வெச்சா, கம்பி மாட்ட ஓட்டை போடுற எடத்துலல்லாம் மரத்தைச் சொரண்டி எடுத்துட்டு ரெசின் ரொப்பணும். ஒண்ணு வுட்டாலும் மரம் தண்ணி குடிச்சிடும். அடிப்பக்கம் முழு பைபரா இருக்கட்டும். மேல்தளத்துக்கு வேணா இது. மேல கனம் ஏறினா போட் ரொம்ப ஆடும்."

அப்படியே முடிவாயிற்று.

மேல்தள ஓரத்தில் பிடித்துக்கொள்ளப் பதினொரு கம்பிகள். எட்டுக்கு முறையாகச் செய்தாள். ஒன்பதாவதுக்கு வரும்போது ரெசினைக் கெட்டியாக்கக் கலக்கும் மாவு தீர்ந்துவிட்டது. "மூணுதானம்மா. ஓட்டையச் சுத்தி சீலன்ட் பசை அடிச்சு முடுக்கிடு" என்றார் முதலாளி ரங்கநாதன். தப்பு என்று தெரிந்தும் செண்பகம் தலையாட்டினாள்.

இரண்டு மாத மழையில் படகு வெட்டவெளியில் நின்றது. அக்டோபரில், மங்களூருக்கு ஏற்றிப்போக லாரி வரும் காலையில், அவள் ஸ்பானரால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனாள். எங்கும் கணீரென்றது. கடைசி மூன்று கம்பிகளைச் சுற்றி மட்டும் ஈரச்சாக்கைத் தட்டினாற்போல் மொத்தென்றது.

ரங்கநாதனிடம் ஓடினாள். "சார், அந்த அம்மாவுக்குக் கை நடுங்குது. தடுமாறினா அந்தக் கம்பியத்தான் புடிப்பாங்க. புடுங்கிட்டு வந்துச்சுன்னா கடல்லதான் வுழுவாங்க."

"லாரி வர்ற நேரத்துல என்ன பேச்சு இது? வாயத் தொறக்காத."

டெஸ்மண்டும் நோராவும் வந்து இறங்கினார்கள். நோரா புதுத் தொப்பி போட்டிருந்தாள். செண்பகம் டெஸ்மண்டைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவர் முகம் இறுகியது.

"இந்த வருஷத்த விட்டா கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. இன்னிக்கு வந்து பயமுறுத்தாதே."

"சார், கால்ல வுழறேன், ஒரு தடவ தட்டிப் பாருங்க..."

அவர் திரும்பி நடந்தார். அந்தப் பக்கம் லாரிக்காரன் படகை ஏற்றிக் கட்டக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். செண்பகம் டிரில்லை எடுத்துக்கொண்டு படகின் அறைக்குள் இறங்கி, அந்த மூன்றில் ஒரு கம்பிக்கு நேர் கீழே, பளபளவென்றிருந்த கூரையில் ஓட்டை போட்டாள். பழுப்புத் தண்ணீர் அவள் முழங்கை வழியே ஒழுகியது. கூடவே கூழாகிப்போன மரம்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த டெஸ்மண்ட் அதைப் பார்த்தபடி நின்றார். மேலேயிருந்து நோரா கேட்டாள்: "டெஸ், கிளம்பலாமா?"

லாரி வெறுமனே போயிற்று. ரங்கநாதன் அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்தினார். "அந்தப் பொண்ணத் தவிர வேற யாரும் இதத் தொடக்கூடாது" என்று டெஸ்மண்ட் பிடிவாதம் பிடித்ததால் மறுவாரமே முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேல்தளத்தை அறுத்து, நனைந்த மரத்தையெல்லாம் எடுத்து, புதிதாகப் போட்டு முடிக்க பிப்ரவரி ஆகிவிட்டது.

அதற்குள் நோரா சக்கர நாற்காலிக்கு வந்திருந்தாள். பார்க்கப்போன செண்பகத்திடம், "அன்னிக்கே அந்த மூணு கம்பியையும் சரியாப் போட்டிருக்கலாமே நீ?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செண்பகத்தால் அழத்தான் முடிந்தது.

மங்களூர்த் துறைமுகத்துக்குள்ளேயே ஒரு மணிநேரம் டெஸ்மண்ட் நோராவைப் படகில் வைத்துச் சுற்றிவந்தார். வெளிக்கடலுக்குப் போகவில்லை. ஏப்ரலில் படகை விற்றுவிட்டார்கள்.