தனக்கோடி கொடுத்த மருந்து

பொம்மனஹள்ளியில் அந்த கார்மெண்ட்ஸ் கம்பெனியில் யாருக்காவது தலைவலி வந்தால் நர்ஸம்மாவிடம் போக மாட்டார்கள், தனக்கோடியைத்தான் தேடுவார்கள். செக்கிங் டேபிளில் நின்றபடி சட்டையைப் புரட்டிப் புரட்டி, விட்டுப்போன தையலையும் தொங்குகிற நூலையும் கண்டுபிடிப்பது அவள் வேலை. கண் சட்டையில் இருக்கும்போதே கை இடுப்பிலிருக்கும் பர்ஸுக்குப் போகும். காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் பாதியாக உடைத்து, "சாப்ட்டுட்டுப் போடு, வெறும் வயித்துல போட்டுறாத" என்று நீட்டுவாள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், புருஷன் போன பிறகும் இங்கேயே நின்றுவிட்டாள். அவள் இருக்கும் லைன் வீட்டில் எந்தக் குழந்தைக்கு உடம்பு சுட்டாலும் முதல் வைத்தியம் அவளுடையதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, தனியாக இருக்கிற ஒருத்தி வேறு எதை வைத்துத்தான் கர்வப்படுவாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கப் போனவள், கடைக்கு எதிரே சாக்கடை ஓரம் கூட்டத்தைப் பார்த்தாள். எவனோ ஒரு பூனையின் பின்னங்காலில் ஸ்கூட்டரை ஏற்றிவிட்டுப் போய்விட்டான். சாம்பல் நிறப் பெட்டைப் பூனை, ஒரு வயது கூட இருக்காது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு 'ஐயோ பாவம்' சொல்லிவிட்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்தால் எலும்பு கூடிவிடுமா? தனக்கோடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நவுருங்கய்யா! வேடிக்கை பாக்கறதுக்கு இது என்ன பொம்மலாட்டமா?" என்று ஆட்களை விலக்கினாள். நைட்டி மேல் போட்டிருந்த துண்டை எடுத்து, பூனையைச் சுற்றி, மீன் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு மீன் குழம்பு இல்லை.

வீட்டில் மரஸ்கேலை முட்டுக் கொடுத்து, கம்பெனியில் கழித்துப் போட்ட துணியால் காலைக் கட்டினாள். பூனையின் உடம்பு அனலாகக் கொதித்தது. அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுச் சிந்து எட்டிப் பார்த்தாள். கால் சென்டரில் வேலை செய்கிற பெண்.

"அக்கா, டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போலாமா?"

"இன்னிக்கு கவர்மென்ட் மாட்டாஸ்பத்திரி லீவுடி. காலைல மொத வேலையா போலாம். அது வரைக்கும் வலி தாங்கணும்ல?"

சின்ன உடம்பு என்பதால் அளவைக் குறைத்தாள். மாத்திரையில் கால்வாசியை மட்டும் உடைத்து, பொடித்து, பாலில் குழைத்து வாயில் ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. பூனை கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. "பாத்தியா கழுதைய, எப்படித் தூங்குது!" என்று சிந்துவிடம் பெருமையாகக் காட்டினாள். பூனைக்குக் கழுதை என்ற பெயர் அப்போதே நிலைத்துவிட்டது. மத்தியானம் இன்னொரு கால்வாசி கொடுத்தாள்.

சாயங்காலம் கூடைக்குள் பார்த்தபோது பூனையின் முகம் வீங்கிப் போயிருந்தது. முன்னங்கால்களும் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஈறு சிவப்பாக இல்லை, அழுக்குப் பிடித்த மண் நிறத்தில் இருந்தது. கால் அடிபட்டதற்கு முகம் ஏன் வீங்குகிறது? சிந்து ஸ்கூட்டியை எடுக்க, இவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற கிளினிக் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில்தான் இருந்தது.

டாக்டரம்மா பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். ஊசியால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். அது சிவப்பாகவே இல்லை, காப்பி டிகாஷன் சிந்தின மாதிரி பழுப்பாக இருந்தது.

"இதுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

"கொஞ்சம் பாலுதான் டாக்டர்."

"மாத்திரை, மருந்து ஏதாவது?"

தனக்கோடியின் முகம் மலர்ந்தது. முதலுதவி செய்து வைத்ததைச் சொல்ல வேண்டாமா? "ஆமா டாக்டர், வலிக்குமேன்னு காய்ச்சல் மாத்திரை குடுத்தேன். முழுசு இல்ல, கால்வாசிதான். ரெண்டு வேளை."

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, அது பூனைக்கு விஷம். நமக்குத்தான் அது மருந்து. இதுங்க ஒடம்பால அதை முறிக்க முடியாது. ரத்தம் கெட்டுப்போகுது, பாருங்க. கால் ஒடஞ்சதால இது சாகாது. இந்த மாத்திரைதான் இப்ப உயிருக்கு ஆபத்து."

பூனையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முறிவு மருந்து ஏற்றினார்கள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். தனக்கோடி நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை. ஸ்கூட்டர்காரன் காலைத்தான் உடைத்தான். கொல்லப் பார்த்தவள் அவள், அதுவும் பாலில் கலந்து, தலையைத் தடவிக்கொண்டே. ஒரு தையல் விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தெரியாமல் போய்விட்டதே! "தெரியாம செஞ்சதுதானக்கா" என்று சிந்து தோளைத் தொட்டாள். தனக்கோடி அந்தக் கையை விலக்கிவிட்டாள்.

பூனை பிழைத்துக்கொண்டது. காலில் கட்டோடு அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தது. ஆனால் தனக்கோடி அதைத் தொடவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வாள். கம்பெனியில் ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது, "நர்ஸம்மாட்ட போ" என்று முகம் பார்க்காமல் சொன்னாள். டேபிளில் இருந்தவர்கள் எல்லாரும் திகைத்துப்போய் நிமிர்ந்தார்கள். தன் கையையே நம்பாத ஒருத்தி எதைத் தைரியமாக எடுத்துக் கொடுப்பாள்?

கால் எலும்பு ஒன்றுசேர வேண்டுமென்றால் பூனைக்கு டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தைத் தவறாமல் ஊற்ற வேண்டும். முதலில் சிந்துதான் முயன்று பார்த்தாள். பூனை சீறி, அவள் மணிக்கட்டை ரத்தம் வரப் பிறாண்டி, கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

"என்னால ஆவாதுக்கா. நீங்களே ஊத்துங்க."

தனக்கோடி பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, அதே மருந்துதானா, அதே அளவுதானா என்று கேட்டாள். வைத்துவிட்டு மறுபடியும் போட்டுக் கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். கூப்பிடக்கூட இல்லை. பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் ஏறியது. சீறவில்லை, பிறாண்டவில்லை. சொட்டுக் குழாயை அருகில் கொண்டுபோனதும் முகத்தைத் தூக்கி வாயைத் திறந்தது.

தனக்கோடி சொட்டுகளை எண்ணி எண்ணி ஊற்றினாள். அன்றைக்கு வராத அழுகை இப்போது குமுறிக்கொண்டு வந்தது.

"ஏன்டி கழுத, என்ன மருந்துன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா நீ?"