ஒருமையா, பன்மையா?

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் கீழக்கரையிலிருந்து போன். "டீச்சர், அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள் சபூரா லாத்தாவின் மகள். எனக்கு அழுகையோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இனி அவருக்கு டயாலிசிஸ் இல்லை.

லாத்தா எங்கள் பள்ளியின் தமிழாசிரியை, நான் கணக்கு. அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

முப்பதுகளில் அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. "பையை எடுத்துடலாம்" என்றார்களாம் மருத்துவர்கள். "எம் மவன் துபாய்ல. பை இருந்தா என்ன, போனா என்ன" என்று மாமியாரும் சொல்லிவிட்டார். சினைப்பைகள் இரண்டையும் சேர்த்து எடுத்தது லாத்தாவுக்கு வெகுகாலம் தெரியாது.

பின்னாளில் சிறுநீரகம் பழுதானபோது, "மாதவிலக்கு எப்பம்மா நின்னது?" என்று கேட்ட மருத்துவர்தான் ஸ்கேன் பார்த்து, சினைப்பைகளும் இல்லை என்று சொன்னார். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் சிறுநீரகத்துக்கும் ஓரளவு காவலாம். இளவயதிலேயே அது நின்றுபோனால் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடலாம். ஆனால் லாத்தாவுக்கு பிரஷரும் இருந்ததால், இதனால்தான் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை.

"பையைன்னாங்க, பைகளைன்னு சொல்லல. தமிழ் டீச்சர் நான், ஒருமையா பன்மையான்னு கேக்காம விட்டுட்டேன் பாரு" என்று லாத்தா சிரித்தார்.

டயாலிசிஸுக்காக அவர் இடக்கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடம் ஓயாமல் அதிரும். "தொட்டுப் பாரு, உள்ள பூனைக்குட்டி உறுமுது" என்பார்.

போன வருடம் எனக்கும் அதே கட்டி. "எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்றார் ராமநாதபுரத்தில் நான் பார்த்த மருத்துவர். பயத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை லாத்தா கூடவே வந்தார்.

"டாக்டர், எடுக்கப்போறது ஒருமையா, பன்மையா?"

மருத்துவர் விழித்தார்.

"இவ சினைப்பை ரெண்டும் நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு." குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப அது அங்கனயே கெடக்கட்டுமே" என்றார் லாத்தா.

மருத்துவர் சற்று யோசித்து, "சரி, வச்சுக்கலாம்" என்றார்.

மயக்கம் தெளிந்தபோது முதலில் கேட்டது லாத்தாவின் குரல்தான்: "ஏ புள்ள, ஒருமைதான்!" அந்த வார்த்தையில் எனக்கிருந்த பயமெல்லாம் இறங்கிப்போனது.

இன்று கீழக்கரை போய்ச் சேர்ந்ததும், லாத்தாவைக் குளிப்பாட்டும் முன் அவரைப் பார்க்க என்னை விட்டார்கள். அந்த இடக்கையைத் தொட்டேன். அதிர்வு இல்லை. பூனைக்குட்டி தூங்கிவிட்டது.

லாத்தாவைச் சுமந்துபோன சந்தூக்குப் பெட்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

போய்ட்டு வாங்க லாத்தா. நீங்க காப்பாத்துன ரெண்டும் அங்கனயே பத்திரமாக் கெடக்கு.