பழைய வண்டி, ஜவ்வாது மலை, ‘பூட்டு’ என்றொரு பொத்தான்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய குடும்ப வண்டியை வாங்கி நம்பி மலையேறலாமா என்று, இந்தப் பக்கத்தின் வாசகர்கள் பலர் எட்டு மாதங்களாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஏறிப் பார்க்காமல் பதில் சொல்வது என் வழக்கமன்று. ஆகவே சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜவ்வாது மலைக்கு நானே ஓட்டிச் சென்றேன். உடன் வந்தவர் என் கணவர். தனியார் பேருந்தில் நடத்துநராக இருக்கும் அவருக்கு, தாம் பயணச்சீட்டுக் கொடுக்காத வண்டியில் ஏறினால் பத்து நிமிடத்தில் உறக்கம் வந்துவிடும். மலையிலே சாமை அறுவடை முடிந்த நேரம். அவருடைய பேருந்தில் ஆண்டுதோறும் புளி மூட்டை ஏற்றி வரும் வேடியப்பன் என்னும் விவசாயி, “ஒரு தபா வூட்டுக்கு வாங்கண்ணே” என்று நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன். ஒன்பது வயது, டீசல், நான் மூன்றாவது உரிமையாளர். வாங்கும்போது தொண்ணூற்றிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. சமவெளியில் லிட்டருக்குப் பதினான்கு, மலையில் பதினொன்று கொடுக்கிறது. சாதாரண ஓட்டத்தில் முன்சக்கரங்கள் இழுக்கும். வழுக்கினால் பின்சக்கரங்களும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். கியருக்குப் பக்கத்திலுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும் நிலையாகப் பிணைந்துவிடும். வேகம் நாற்பதைக் கடந்தால் அந்தப் பிணைப்புத் தானே விலகிக்கொள்ளும்.

வண்டியோடு கையேடு வரவில்லை. இணையத்தில் ஆங்கிலக் கையேட்டைத் தேடி எடுத்தேன். நான் பள்ளிக்கூடம் சென்றது எட்டாம் வகுப்பு வரைதான். ஆயினும் தாலுகா அலுவலகத்தின் எதிரே இருபது ஆண்டுகளாகத் தட்டச்சும் மனு எழுதும் தொழிலும் நடத்துகிறவள். அகராதியின் துணை இருந்தால் எனக்கு எந்த மொழியும் அச்சமன்று. முப்பத்தெட்டுப் பக்கங்களை ஒரு மாதத்தில் தமிழாக்கினேன். அந்தப் பொத்தானின் பெயரைப் ‘பூட்டு’ என்று மொழிபெயர்த்து, தடித்த எழுத்தில் அச்சிட்டு, அதன் மேலேயே ஒட்டியும் வைத்தேன். அந்தப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. அதை இவ்வாறு எழுதியிருந்தேன்: ‘உலர்ந்த, கல்பாவிய தளங்களில் பூட்டினைப் பயன்படுத்தலாகாது.’ கல்பாவிய தளத்தில் வண்டி ஓட்ட நான் என்ன கோயில் பிரகாரத்துக்குள்ளா போகப் போகிறேன்? எனக்குப் பொருந்தாதது என்று கடந்துவிட்டேன்.

காலை ஐந்து ஐம்பதுக்குப் புறப்பட்டோம். ஆலங்காயம் இருபத்தொரு கிலோமீட்டர். ஆறரைக்கு அங்கே இட்லி, தேநீர், இருவருக்கும் தொண்ணூறு ரூபாய். ஊரைத் தாண்டியதும் பூட்டை அழுத்தினேன். மலைப்பாதை ஆயிற்றே, பூட்டியிருப்பதுதானே பாதுகாப்பு? அது விலகிவிடாதிருக்க, நாற்பதைத் தொடாமல் மிகுந்த கட்டுப்பாட்டோடு ஓட்டினேன். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் முந்தும்போது, “இன்னாம்மா, மாப்ள ஊர்வலமா?” என்று கேட்டுச் சென்றார். நான் பொருட்படுத்தவில்லை.

கூரிய வளைவுகளில் ஸ்டியரிங் கனத்தது. டயர்கள் முனகின, திரும்பும்போதெல்லாம் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்திழுப்பதுபோல் விட்டு விட்டு உதறியது. காவலூரைத் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்த நான்கையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தார்ச்சாலையை விட்டு வேடியப்பனின் ஊருக்குப் பிரியும் பாதை முதலில் செங்குத்தான மண் சரிவாக இறங்குகிறது, ஏறத்தாழ முந்நூறு மீட்டர். அதன்பின் ஊர் வரை வளைந்து வளைந்து செல்லும் சிமெண்டுச் சாலை, இரண்டு புள்ளி எட்டுக் கிலோமீட்டர். மண் அப்போது காய்ந்திருந்தது, சிரமமின்றி இறங்கினோம். ஒன்பது பத்துக்கு அவர்கள் வாசலில் நிறுத்தியபோது, வேடியப்பனின் மனைவி மல்லிகா சிரித்தார்.

“யக்கா வண்டி ஓட்டிக்கினு வர்றாங்க, அண்ணன் கொறட்ட வுட்டுக்கினு வர்றாரு. நல்லா இருக்குது நாயம்!”

பத்து மணிக்குப் பிடித்த மழை பன்னிரண்டு வரை பெய்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் உண்டோம். பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. சிமெண்டுச் சாலை காய்ந்து வெளுத்தது. பன்னிரண்டு நாற்பதுக்கு என் கணவர் களத்து மேட்டுப் புங்க மரத்தில் தம் ஈரத் துண்டை உலர்த்த வீசினார். அந்தக் கிளையில் கதண்டுக் குளவி கூடு கட்டியிருந்தது.

கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. வேடியப்பன் கோணிப்பையைப் போர்த்தி அவரை இழுத்து வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு தேனீ கொட்டி முகம் வீங்கியபோது மருத்துவர் எச்சரித்திருந்தார்: அடுத்த முறை மூச்சுக்குழல் அடைபடலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் மார்பெங்கும் தடிப்புகள் கிளம்பின. உதடுகள் தடித்தன. குரல் கம்மிப்போயிற்று.

“நூத்தியெட்டுக்குச் சொல்லலாமா?” என்றேன்.

“மேட்டுக்குப் போனாத்தான் டவரு கெடைக்கும் அண்ணி. அப்பிடியே வந்தாலும் இந்த ஈரத்துல ஆம்புலன்சு எறங்காது. உங்க வண்டி ஏறும்ல?”

“ஏறும்” என்றேன். அதற்காகத்தானே வாங்கினேன்?

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. பின்னிருக்கையில் மல்லிகா என் கணவரைத் தோளில் சாய்த்துக்கொண்டார். வேடியப்பன் எனக்குப் பக்கத்தில். வாசலிலேயே பூட்டை அழுத்தினேன். உலர்ந்த சிமெண்டில் வளைவுக்கு வளைவு டயர் அலற ஓட்டினேன். மண் சரிவின் அடிவாரத்தை எட்டியபோது திரையில் ஆரஞ்சு எழுத்துகள் தோன்றின. அவற்றை வாசிக்க அகராதி தேவைப்படவில்லை: சூடு மிகுந்துவிட்டது, நாற்சக்கர இழுவை நிறுத்தப்பட்டது.

நிறுத்த மனமின்றி ஏற்றினேன். இருபது மீட்டர் ஏறியிருப்போம். முன்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன, வண்டி அப்படியே பக்கவாட்டில் நழுவி இடப்பக்கப் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது.

“வுடு அண்ணி! வுடு, வுடு, நிறுத்து!”

பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. மெல்லப் பின்னோக்கி இறக்கி, சமதரையில் நிறுத்தினேன். வேடியப்பன் கியர் பக்கம் குனிந்து, பொத்தான்மேல் நான் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“பூ…ட்டு. இன்னா அண்ணி இது?”

“முன்சக்கரம் பின்சக்கரம் ரெண்டையும் சேத்துப் பூட்டும் தம்பி. நாலும் ஒண்ணா இழுக்கும்.”

“எங்கேர்ந்து பூட்டிக்கினு வர்றீங்க?”

“உங்க வாசல்லேர்ந்து. காலைல ஆலங்காயத்துலேர்ந்தே.”

“ஆலங்காயத்துலேர்ந்தா!” அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. “கொல்லைக்குப் போய்ட்டு ஏரப் பூட்டுவாங்களா, வூட்லயே பூட்டிக்கினு ரோட்ட உழுதுக்கினே போவாங்களா? ரெண்டு மாட்டயும் ஒரே நொகத்துல வெச்சி வளைவுல திருப்புனா ஒண்ண ஒண்ணு இழுத்துக்காது? உள்ளாற நொர தள்ளிக்கினு கெடக்குது. அவுத்துவுடு மொதல்ல.”

அந்தக் கணத்தில்தான் கல்பாவிய தளம் எனக்கு விளங்கிற்று. அது பிரகாரமன்று. காலை முழுவதும் நான் ஓட்டிவந்த தார்ச்சாலை; சற்றுமுன் கடந்த சிமெண்டுச் சாலை. வளைவில் முன்சக்கரங்கள் நீண்ட வட்டமும் பின்சக்கரங்கள் குறுகிய வட்டமும் சுற்றியாக வேண்டும். சேற்றில் அந்த வேறுபாட்டை வழுக்கல் ஏற்றுக்கொள்ளும். காய்ந்த சாலையில் அதை ஏற்றுக்கொள்ள எதுவுமில்லை. எல்லாம் சூடாகிப் பிணைப்பிலேயே இறங்கும். பூட்டு என்றால் எனக்குக் கதவு நினைவுக்கு வந்தது. அவருக்கு ஏர் நினைவுக்கு வந்தது. கதவைப் பூட்டியே வைக்கலாம், ஏரை அவிழ்த்தாக வேண்டும்.

பொத்தானை விடுவித்தேன். இனி ஆறுவதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஒரு மணி ஐந்து நிமிடம். வேடியப்பன் இறங்கி, வேலியோரத்துக் கிளைகளை ஒடித்துச் சக்கரத் தடங்களில் பரப்பத் தொடங்கினார். மல்லிகா என் கணவரின் கன்னத்தைத் தட்டினார்.

“அண்ணே, தூங்காதீங்க. பேசிக்கினே வாங்க. உங்க பஸ்ஸு எங்கெங்க நிக்கும், சொல்லுங்க கேக்குறேன்.”

“வாணியம்பாடி…” என்றார் அவர். “நிம்மியம்பட்டு… ஆலங்காயம்…”

“அங்கேர்ந்து திரும்பி வாங்க.”

முதல் நடை தெளிவாகவே வந்தது. இரண்டாம் நடையில் சொற்களுக்கு நடுவே இழுப்புக் கேட்டது. திரையைப் பார்த்தேன், ஆரஞ்சு எழுத்துகள் அப்படியே இருந்தன. மூன்றாம் நடையில் நிம்மியம்பட்டோடு குரல் நின்றுவிட்டது. கண்ணாடி வழியே பார்த்தேன். நிறுத்தத்துக்கு ஒரு விரலாக மல்லிகாவின் கைமீது தட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு ஆண்டு இல்வாழ்க்கையில் அவருடைய குறட்டைக்காக ஏங்கிய ஒரே பொழுது அது.

ஒன்று பதினாறுக்கு எழுத்துகள் மறைந்தன.

“தம்பி, ஆறிடுச்சு!”

“இப்பப் பூட்டு!” என்று மேலிருந்து கத்தினார் வேடியப்பன்.

பூட்டினேன். முதல் கியர். ஆக்சிலேட்டரை மிதிக்கவுமில்லை, விடவுமில்லை. ஒரே அளவில் பிடித்தேன். கிளைகள் நொறுங்கின. பின்புறம் ஒருமுறை அசைந்தது, பிறகு பின்னிருந்து ஓர் உந்தல் வந்ததை இருக்கையிலேயே உணர்ந்தேன். “வலது… வலதுல வா… வுட்ராத!” என்று அவர் பின்னோக்கி நடந்தபடியே கையசைத்தார். முந்நூறு மீட்டருக்கு எட்டு நிமிடம் ஆயிற்று. தார்ச்சாலையில் முன்சக்கரம் ஏறியதும் வேடியப்பன் தாவி உள்ளே அமர்ந்தார். கதவைச் சாத்துமுன் அவர் விரல் அந்தச் சீட்டைத் தொட்டது.

“அவுத்துட்டு ஓட்டு அண்ணி.”

ஜமுனாமரத்தூர் அரசு மருத்துவமனைக்கு அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். அவிழ்த்த வண்டி வளைவுகளில் நீர்போல் திரும்பியது. ஒன்று நாற்பத்தொன்றுக்கு உள்ளே நுழைந்தோம். இளம் பெண் மருத்துவர் ஒரு கேள்விதான் கேட்டார், “எத்தனை மணிக்குக் கொட்டுச்சு?” பதிலைக் கேட்டுக்கொண்டே தொடையில் ஊசியைச் செலுத்திவிட்டார். கால் மணி நேரத்தில் இழுப்பு அடங்கியது. மறுநாள் காலை வரை அங்கேயே வைத்திருந்து அனுப்பினர்.

இனி, திட்டமிடுவோருக்கு. பழைய வண்டி மலையேறும். எங்கள் வண்டி ஏறிற்று. ஆனால் வாங்குமுன் நான்கு டயர்களும் ஒரே நிறுவனத்தவையா, ஒரே அளவு தேய்ந்தவையா என்று பாருங்கள். இல்லையேல் நேர்ச்சாலையிலும் பிணைப்பு ஓயாமல் உழைத்துக் கெடும். ஊர் திரும்பியதும் பின் அச்சின் எண்ணெயை மாற்றினேன். கருத்து, கருகல் வாடை வீசிற்று. அதைக் கண்ட மெக்கானிக், இன்னும் ஒரு மலை இப்படி ஏறியிருந்தால் பிணைப்பே போயிருக்கும் என்றார். ஸ்டியரிங் கனப்பு, டயர் முனகல், உதறல், வாடை: இவற்றில் ஒன்று தோன்றினாலும் முதலில் அந்தப் பொத்தானைப் பாருங்கள், வண்டியின் வயதைப் பழிக்காதீர்கள். ஆலங்காயத்துக்கு மேலே பெட்ரோல் நிலையத்தை நம்பாமல் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் பாதையில் இறங்குமுன், மழை பெய்தால் ஏற முடியுமா என்று ஊராரைக் கேளுங்கள். கொட்டு ஒத்துக்கொள்ளாதவர் உடனிருந்தால், மருத்துவரைக் கலந்து மருந்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நான் மொழிபெயர்ப்பை எடுத்துச் சென்றேன், மருந்தை எடுத்துச் செல்லவில்லை.

முப்பத்தெட்டுப் பக்கங்களையும் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். பொத்தானின் மேலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டேன். புதிய சீட்டில் ‘ஏர்’ என்று ஒரே சொல். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், எந்த அகராதியும் இதை ஒப்புக்கொள்ளாது என்பதும் எனக்குத் தெரியும்.

என் கணவர் இப்போது வண்டியில் உறங்குவதில்லை. சேற்றிலிருந்து தாருக்கு ஏறும் இடம் எதுவானாலும், பக்கத்து இருக்கையிலிருந்து அந்த நடத்துநர்க் குரல் உரக்க, முழுதாக வருகிறது:

“அவுத்தாச்சா? போலாம், ரைட்!”